எங்கள் தெருவில் மூன்று சரோஜாக்கள்

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவின் நடுவில் நின்று "சரோஜா" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று வீடுகளின் கதவுகள் திறக்கும். ஒன்று எங்கள் வீடு. வெளியே வருவது என் அப்பாவின் அக்கா. இரண்டாவது எதிர்சாரியில் செக்கு வைத்திருந்தவர் வீடு. மூன்றாவது தெருக்கோடி டீச்சர் வீடு. மூவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. இந்தக் குழப்பத்துக்குத் தெருவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. செக்கு சரோஜா, டீச்சர் சரோஜா, என் அத்தை மாடி சரோஜா. எங்கள் வீட்டில் மாடி என்று இருந்தது ஓடு வேய்ந்த ஒரே ஓர் அறைதான். அந்த ஓர் அறை அத்தைக்குக் கடைசிவரை பட்டமாக ஒட்டிக்கொண்டது.

"ஒரே தெருவில் எப்படி அத்தை மூன்று சரோஜா?" என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேட்டேன்.

"மூன்றுதானா? எங்கள் வகுப்பில் ஐந்து. வாத்தியார் சரோஜா என்று சொல்லி, முதலெழுத்தைச் சொல்ல வாய் திறப்பதற்குள் ஐந்து பேரும் 'உள்ளேன் ஐயா' சொல்லிவிடுவோம். எல்லாம் அந்தப் பொடிப்பெண் செய்த வேலை."

அந்தப் பொடிப்பெண்தான் பேபி சரோஜா.

தாத்தா கடலூர் முதுநகரில் ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். சினிமா பார்க்கிற ஆள் அல்லர். மண்டி வேலையாகச் சென்னைக்குப் போனவரை யாரோ இழுத்துக்கொண்டு போய்க் காட்டிய படம் 'பாலயோகினி'. 1937-இல் கே. சுப்பிரமணியம் எடுத்தது. மறு ஆண்டே அத்தை பிறந்தாள். பாட்டிக்குப் பாடலீஸ்வரர் கோயில் அம்மன் பெயரான பெரியநாயகி என்று வைக்க ஆசை. தாத்தா ஒரே பிடியாக சரோஜா என்றார். பாட்டி மூன்று நாள் அவரோடு பேசவில்லையாம். நான்காம் நாள் குழந்தையைப் பெரியநாயகி என்று கூப்பிட்டுப் பார்த்தாளாம், குழந்தை திரும்பவில்லை. சரோஜா என்றாளாம், திரும்பியதாம். பிறந்து சில வாரமே ஆன சிசு எந்தப் பெயருக்குத் திரும்பும் என்று நான் கேட்டால் அத்தைக்குக் கோபம் வரும். ஆகவே கதையை அப்படியே விட்டுவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கூத்து இல்லை இது. அந்தப் படம் ஓடிய காலத்தில் தமிழ்நாடெங்கும் பெண்குழந்தைகளுக்கு சரோஜா என்று பெயர் வைத்தார்கள் என்பதைத் தமிழ் சினிமாவின் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிற்பாடு நடிகர்கள் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது சாதாரணமாகிவிட்டது. ஆனால் ஓர் ஆறு வயதுக் குழந்தையின் பெயரை ஊரே எடுத்துத் தன் குழந்தைக்கு வைத்துக்கொண்டது அதற்கு முன்னால் இங்கே நடந்ததாகத் தெரியவில்லை.

பேபி சரோஜா பிறந்தது 1931-இல். படத்தின் இயக்குநர் சுப்பிரமணியத்துக்கு அண்ணன் தம்பி முறையில் நெருங்கிய உறவு. அவருடைய சகோதரர் விஸ்வநாதனின் மகள். ஆக, குழந்தை நட்சத்திரத்தைத் தேடி யாரும் தெருத்தெருவாக அலையவில்லை. வீட்டுக்குள்ளேயே ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. சுப்பிரமணியம் கும்பகோணத்தில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு வந்தவர். சினிமாவில் சமூகத்தைக் கேள்வி கேட்டவர். 'பாலயோகினி'யில் விதவைகளின் நிலையையும் சாதிக் கொடுமையையும் பேசினார். அந்தப் பேச்சையெல்லாம் பெரியவர்கள் வாயால் சொன்னால் கல்லெறி விழும். குழந்தை வாயால் சொன்னால் கண்ணீர் வரும். சாமர்த்தியமான ஏற்பாடு. சொல்லப்போனால், குழந்தை நட்சத்திரம் என்ற ஏற்பாட்டின் அடிப்படையே இதுதான் என்று எனக்குப் படுகிறது. பெரியவர்களுக்குச் சொல்லத் துணிவில்லாததைக் குழந்தையின் தலையில் ஏற்றி அனுப்புவது.

பத்திரிகைகள் அந்தக் குழந்தையை இந்தியாவின் ஷர்லி டெம்பிள் என்றன. அமெரிக்காவில் 1935 முதல் 1938 வரை நான்கு ஆண்டுகள் வசூலில் முதலிடத்தில் இருந்த நட்சத்திரம் ஷர்லி டெம்பிள். அவரை விட மூன்று வயது இளையவர் நம் சரோஜா. ஷர்லியின் வயதிலிருந்து சினிமாக் கம்பெனி ஒரு வருஷத்தைத் திருடி வைத்துக்கொண்டது தெரியுமா? குழந்தை இன்னும் கொஞ்ச நாள் குழந்தையாகவே இருக்கட்டும் என்று. பன்னிரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்குத் தன் வயது பதின்மூன்று என்று தெரிந்தது ஒரு பிறந்தநாளன்று.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். இதை எழுதும்போது சரோஜாவை எங்கே அவள் என்பது, எங்கே அவர் என்பது என்று கை தடுமாறுகிறது. ஆறு வயதுக் குழந்தையை அவர் என்று எழுதினால் கேலி செய்வது போல் இருக்கிறது. எண்பத்தெட்டு வயது வரை வாழ்ந்த ஒரு பெண்மணியை அவள் என்று எழுதக் கூசுகிறது. வேறு மொழியில் எழுதுகிறவனுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. ஒரு மனிதர் எந்த நாளில் அவளிலிருந்து அவராக மாறுகிறார் என்பதைத் தமிழில் எழுதுகிறவன் தீர்மானித்தே ஆகவேண்டும். சினிமாவில் குழந்தையாக நடித்தவர்களுக்கு மட்டும் அந்த நாளை ஊர் ஒத்திப்போட்டுக்கொண்டே இருக்கிறது.

அத்தைக்கும் பேபி சரோஜாவுக்கும் இருந்த உறவு பெயரோடு முடியவில்லை. 1939-இல் கல்கி 'தியாகபூமி' நாவலை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியம் போடவில்லை. படத்தின் புகைப்படங்களையே போட்டார்கள். பாட்டி வாரந்தோறும் அந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்து, சாக்குத் தைக்கும் ஊசியில் சணல் கோத்து, தானே தைத்து ஒரு புத்தகம் ஆக்கியிருந்தாள். அட்டை, மண்டியிலிருந்து தாத்தா கொண்டு வந்த பேரேட்டின் பழைய அட்டை. ஆகவே எங்கள் வீட்டுத் 'தியாகபூமி'யின் முகப்பில் இன்றும் பற்று, வரவு என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பெற்ற குழந்தையைத் தன் அப்பா சம்பு சாஸ்திரியிடம் அவருக்கே தெரியாமல் விட்டுவிட்டுப் போகிறாள். பேத்தி என்று அறியாமலே அவர் வளர்க்கிறார். குழந்தைதான் சாரு. சாவித்திரி பணக்காரியாக, வேறு பெயரோடு திரும்பி வருகிறாள். சேர்ந்து வாழ வரச்சொல்லி கணவன் வழக்குப் போடும்போது, வேண்டுமானால் உனக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். 1939-இல்! சம்பு சாஸ்திரியாக பாபநாசம் சிவன், சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி, சாருவாக பேபி சரோஜா. காங்கிரஸ் பிரசாரம் என்று வெள்ளைக்கார அரசு 1940-இல் படத்துக்குத் தடை போட்டது. தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகத் தொடர்ந்து ஓட்டினார்கள். கூட்டத்தை விரட்டப் போலீஸ் தடியடி நடத்தியது. ஓர் எட்டு வயதுக் குழந்தையின் முகம் திரையில் ஓடிக்கொண்டிருக்க வெளியே தடியடி.

அதற்குப் பிறகு 1941-இல் 'காமதேனு'. அவ்வளவுதான். மூன்றே படங்கள். அந்தச் சிறுமி வளர்ந்தார், கல்யாணம் செய்துகொண்டார், குடும்பம் நடத்தினார். கதாநாயகியாகத் திரும்பி வரவில்லை. நான் ரொம்ப நாள் இதை ஒரு சோகக்கதையாக நினைத்திருந்தேன். என்ன ஆனாரோ என்ற தொனியில்தான் இப்படிப்பட்டவர்களைப் பற்றி நாம் பேசுவோம். அத்தை அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். "என்ன ஆனாள் என்றால்? பெரியவள் ஆனாள். எல்லோரும் ஆவதுதானே" என்பாள்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கடலூரைப் புரட்டிப் போட்டது. எங்கள் மாடி அறையின் ஓடுகளில் பாதி பக்கத்து வீட்டுக் கொல்லையில் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் அரிசிக் குதிரைப் பார்க்க ஓடினோம். அத்தை பேரேட்டு அட்டைப் புத்தகத்தைத் தேடி மாடிக்கு ஏறினாள். எழுபத்து மூன்று வயது. புத்தகம் ஊறி, உப்பி, ஒரு பெரிய பணியாரம் போல இருந்தது. மின்சாரம் வரப் பல நாள் ஆயிற்று. வெயில் வந்த அன்று, கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் போட்டு, தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளாக விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க மூலைக்கு மூலை புளியங்கொட்டை வைத்தாள். சில தாள்கள் பிரியவே இல்லை. சாருவின் முகம் பெரிதாக இருந்த பக்கம் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெங்காயத்தோல் உரிப்பது போல் நகத்தால் நெம்பி நெம்பி அரை நாள் எடுத்துப் பிரித்தாள். பிரிந்ததும் பார்த்தால், எதிர்ப்பக்கத்தின் எழுத்துகள் குழந்தையின் கன்னத்தில் இடவலம் மாறிப் பதிந்திருந்தன. கண்ணாடி வைத்தால் படிக்கலாம்.

பேபி என்ற அந்த முன்னொட்டைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். டைட்டில் கார்டில் பேபி, மாஸ்டர், குட்டி என்று போட்டுவிடுகிறார்கள். போடுவது எளிது. எடுப்பது யார் கையில் இருக்கிறது?

குட்டி பத்மினியை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் இரட்டை வேடம். 'கோழி ஒரு கூட்டிலே' பாட்டு இன்றைக்கும் பாலர் பள்ளிகளில் ஒலிக்கிறது. பிறகு பெரியவராகி நடித்தார், தொலைக்காட்சித் தொடர்கள் தயாரித்தார், நடிகர் சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். குட்டி மட்டும் போகவில்லை. அந்தப் பாட்டில் குழந்தையின் வாயசைப்புக்குப் பின்னால் இருக்கும் குரலோ எம்.எஸ். ராஜேஸ்வரியுடையது. 'களத்தூர் கண்ணம்மா'வில் கமல்ஹாசன் பாடும் 'அம்மாவும் நீயே அப்பாவும் நீயே'வும் அவர்தான். தமிழ்த் திரையில் இத்தனை குழந்தைகள் பாடிய குழந்தைக் குரல், வளர்ந்த பெண்மணி ஒருவருடையது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, பெயர் எங்கள் அத்தை போன்ற ஆயிரம் பேருடையது. குழந்தைக்கென்று மிஞ்சியது என்ன என்று கேட்டால் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருக்கிறது.

ஸ்ரீதேவி பேபியை உதறியவர். ஆனால் எப்படி உதறினார்! 1969-இல் 'துணைவன்' படத்தில் குழந்தை முருகன். 1976-இல் பாலசந்தரின் 'மூன்று முடிச்சு' படத்தில் கதாநாயகி. ரஜினிகாந்துக்குச் சித்தியாக வந்து நிற்கும் பாத்திரம். வயது பதின்மூன்று. அந்தப் படத்தை நான் பலமுறை ரசித்துப் பார்த்தவன். அவர் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு முன்போல் ரசிக்க முடியவில்லை. பேபிக்கும் கதாநாயகிக்கும் நடுவில் ஒரு சிறுமிக்கு இருக்கவேண்டிய வருஷங்களைக் காணவில்லை.

ஆண்பிள்ளைகளுக்கு வேறு வாசல், அல்லது வேறு சுவர். சினிமாவுக்கு முன்பு நாடகக் கம்பெனிகளில் அதற்கு ஒரு பெயர் இருந்தது: மகரக்கட்டு. குரல் உடைகிற பருவம். சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பாலபார்ட், ஸ்திரீபார்ட் என்று பிள்ளை வேடமும் பெண் வேடமும் போட்டுக் கொடிகட்டிப் பறந்த பையனுக்கு ஒருநாள் காலையில் எழுந்து சுதி பிடித்தால் தொண்டையில் இரண்டு குரல் வரும். அத்தோடு சரி. பி.யு. சின்னப்பா பாய்ஸ் கம்பெனியில் பாடகராகப் பேர் வாங்கியவர். குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு வெளியேறி, சிலம்பமும் பளு தூக்குவதும் கற்றுக்கொண்டு திரிந்தார். பிறகு குரல் தேறி, 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடமிட்டு நின்றார். எல்லோருக்கும் குரல் தேறிவிடவில்லை. தேறாதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மகரக்கட்டு என்ற இந்தச் சொல்லைத் தேடிக்கொண்டுதான் ஒருமுறை புதுச்சேரி கருவடிக்குப்பம் போனேன். பாரதியின் குயில்தோப்பு இருந்த அதே கருவடிக்குப்பம். அங்கே மயானத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இருக்கிறது. நாடகத் தமிழுக்குத் தந்தை எனப்பட்டவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியவர். ஊர் ஊராகப் போன அந்தக் கம்பெனி புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, 1922 நவம்பர் 13-ஆம் தேதி இங்கேயே காலமானார். அந்த நாளில் ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் வந்து மாலை போடுகிறார்கள். நான் போனது வேறொரு நாள். ஓர் ஆடு மட்டும் நிழலில் படுத்திருந்தது.

நின்றுகொண்டிருந்தபோது எனக்கு சுவாமிகளைவிட அவரிடம் இருந்த பிள்ளைகளின் நினைவுதான் வந்தது. டி.கே. சண்முகம் ஆறு வயதில் அண்ணன்மாரோடு அந்தச் சபையில் சேர்ந்தவர். வாத்தியார் பக்கவாதத்தில் விழுந்து பேச்சிழந்து கிடந்ததையும், பிறகு போய்ச் சேர்ந்ததையும் பத்து வயதுப் பிள்ளையாக இருந்து பார்த்தவர். மறுநாள் மறுபடி அரிதாரம் பூசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கம்பெனி என்றால் அப்படித்தான். பல ஆண்டுகள் கழித்து, ஔவையாராக வேடமிட்டு அதனாலேயே அவ்வை சண்முகம் ஆன அவரிடம்தான், குழந்தை நட்சத்திர வாழ்வு முடிந்து, வேடம் கிடைக்காத வயதில் கமல்ஹாசன் போய்ச் சேர்ந்தார். ஐந்து வயதில் நடித்த முதல் படத்துக்கே குடியரசுத் தலைவரின் பதக்கம் வாங்கிய பிள்ளை. பிறகு நடன உதவியாளராகவும் வேலை பார்த்தார். 1996-இல் 'அவ்வை சண்முகி' என்று படத்துக்குப் பெயர் வைத்தது வாத்தியாருக்குச் செய்த மரியாதை. குழந்தை நடிகர் பெரிய நடிகராவதற்கு நடுவில் ஓர் இடம் வேண்டியிருக்கிறது: யாரும் நம்மை அடையாளம் கண்டு கன்னத்தைக் கிள்ளாத, தப்புத்தப்பாகச் செய்து பார்க்க ஓர் இடம். கமலுக்கு நாடகம் அந்த இடமாக இருந்தது. ஸ்ரீதேவிக்கு இருக்கவில்லை. பேபி சரோஜாவுக்கு அந்த இடம் வீடு.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசுடைமை வங்கி ஒன்றில் வேலை பார்த்தவன். பணம் என்றால் கொஞ்சம் காது நிமிரும். சாப்ளினோடு 1921-இல் நடித்து உலகம் முழுக்கத் தெரிந்த ஜாக்கி கூகன் வளர்ந்து பார்த்தபோது, சம்பாதித்த லட்சக்கணக்கான டாலரில் கையில் எதுவும் இல்லை. 1938-இல் அம்மா மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார். கிடைத்தது ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் டாலர். அதன்பின் 1939-இல் கலிபோர்னியாவில் அவர் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது. ஷர்லி டெம்பிளும் முப்பது லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்து, பெரியவரானதும் கணக்கைத் திறந்து பார்த்தால் மிச்சம் நாற்பத்து நாலாயிரம். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இருபத்திரண்டு வயதில் சினிமாவை விட்டார். பிற்காலத்தில் கானாவிலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் அமெரிக்கத் தூதராக இருந்தார்.

நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது, சினிமாவில் நடிக்கும் குழந்தைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2017-இல் விதிகளைச் சேர்த்தார்கள். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது. வருமானத்தில் இருபது சதவீதமாவது குழந்தையின் பெயரில் அரசுடைமை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடவேண்டும். நல்ல விதிகள். மைனர் பெயரில் எத்தனையோ வைப்புத்தொகைக்கு நான் ரசீது எழுதியிருக்கிறேன்: தாத்தா கொடுத்த பணம், காதுகுத்து மொய், விபத்து இழப்பீடு. சினிமாவில் நடித்த பணம் என்று சொல்லி எவரும் என் கவுண்டருக்கு வந்ததில்லை.

நானும் போட்டதில்லை. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு ஆண்டாக அத்தையைத் தவிர வேறு யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது.

2018 மே மாதம். தங்கை அப்போது புதுச்சேரி லாஸ்பேட்டையில் குடியிருந்தாள். அவள் மகளுக்கு ஏழு வயது. பள்ளி ஆண்டுவிழாவில் அவள் ஆடியதைப் பார்த்த ஏஜென்ட் ஒருவர், விளம்பரப் படம் ஒன்றுக்கு ஒரு குழந்தை தேவைப்படுகிறது, ஒரே ஷாட், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார். மாப்பிள்ளை வெளியூரில் இருந்ததால் துணைக்கு நான் போனேன். ஒரு தாளை நீட்டினார்கள். வங்கியில் நகைக்கடன் தாளில் ஒரு புள்ளி விட்டாலும் திருப்பி அனுப்புகிற நான், அதைப் படிக்காமல் தங்கையைக் கையெழுத்துப் போடச் சொன்னேன். உதவி இயக்குநர்கள் அவசரப்பட்டார்கள், வெளிச்சம் போய்விடுமாம். காலை ஆறரை மணிக்கு.

கடற்கரையிலிருந்து உள்ளே வரும் வீதிகளில் ஒன்று. மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், காகிதப்பூக் கொடி. குழந்தை ஐஸ்கிரீம் கோனோடு ஓடிவர வேண்டும், கோன் கீழே விழ வேண்டும், அழ வேண்டும். முதல் கோனைக் கையில் கொடுத்ததும் என் மருமகள் ஆசையாக ஒரு நக்கு நக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, இது உருளைக்கிழங்கு." உண்மைதான். வெயிலில் உருகாமல் இருக்க உருளைக்கிழங்கை மசித்து ரோஸ் நிறம் சேர்த்து உருட்டி வைத்திருந்தார்கள். அதற்கென்றே ஓர் ஆள், குடைக்கடியில் ஒரு தட்டு நிறைய உருண்டைகளோடு உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஓடி வந்தாள், கோன் விழுந்தது, அழுகை வரவில்லை. மறுபடி. உருளைக்கிழங்கு விழுந்ததற்கு எந்தக் குழந்தை அழும்? கண்ணில் கிளிசரின் விட்டார்கள். கண் சிவந்ததே தவிர முகம் அழவில்லை. பத்து மணி, பதினொன்று, ஒன்று. மூன்று மணிக்கு ஒப்பனைப் பெண்ணின் மடியிலேயே தூங்கிப்போனாள். எழுப்பினார்கள். நாலரை மணி இருக்கும். ஓர் உதவி இயக்குநர், இருபத்தைந்து வயதுப் பையன், நல்ல பையன்தான், தங்கையின் காதில் ஏதோ சொல்லி வேனுக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னான். பிறகு குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "பாப்பா, உன் அம்மா உன்னை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்" என்றான்.

குழந்தை சுற்றிலும் பார்த்தாள். அம்மா இல்லை. என்னைப் பார்த்தாள். நான் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை கண்ணு, வேனுக்குப் பின்னால்தான் இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு இரண்டு வினாடி போதும். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது பேர் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறார்கள். நான் சொல்லவில்லை. அவள் முகம் முதலில் வாயோரத்தில் கோணி, பிறகு மொத்தமாக உடைந்தது. ஓகே என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

இரவு ஏழு மணிக்கு ஏஜென்ட் ஓர் உறை கொடுத்தார். மூவாயிரம் ரூபாய், அவர் பங்கை எடுத்துக்கொண்டது போக. அந்த வாரமே நான் வைப்புத்தொகை போட்டிருக்கலாம். என் கவுண்டர்தான், என் கையெழுத்துதான். திரும்புகிற வழியில் குழந்தைக்கு நிஜ ஐஸ்கிரீமும் ஒரு கவுனும் வாங்கி, தங்கை வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்து, அத்தோடு கரைந்தது. விளம்பரத்தில் அந்த அழுகை இரண்டு வினாடி வந்தது. உறவினர்கள் எல்லோரும் எவ்வளவு தத்ரூபம் என்றார்கள். என் மருமகள் அதைப் பார்க்க மறுத்துவிட்டாள். சில மாதம் கழித்து, ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அன்றைக்கு அம்மா எந்த ஊருக்குப் போனாள்?" என்று கேட்டாள்.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பொடிப்பெண்ணையும் இப்படித்தான் அழ வைத்திருப்பார்களோ?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? சொந்தச் சித்தப்பா, பெரியப்பா எடுத்த படம். அப்படி இருந்திருக்காது என்றேன். "சொந்த மாமன் பக்கத்தில் நிற்கும்போதுதானே இவளை அழ வைத்தார்கள்" என்றாள்.

2019 அக்டோபரில் பேபி சரோஜா காலமானார். அத்தை கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்குமாக நகர்த்தி நகர்த்திச் செய்தித்தாளைப் படித்தாள். எண்பத்தெட்டு வயது என்று போட்டிருந்தது. "எண்பத்தெட்டு வயதில் பேபி" என்று சொல்லிவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு எழுந்து போய், மற்ற இரண்டு சரோஜாக்களில் உயிரோடு இருந்த டீச்சர் சரோஜாவுக்குச் செய்தி சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு கிழவிகளும் திண்ணையில் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை, வெகுநேரம் பேசினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களைப் போலவும் இருந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்களைப் போலவும் இருந்தது.

அந்தத் தீபாவளிக்குத் தங்கை குடும்பத்தோடு கடலூர் வந்திருந்தாள். அத்தை பேரேட்டு அட்டைப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் பெயருக்குச் சொந்தக்காரி இவள்தான் என்று என் மருமகளுக்குக் காட்டினாள். எட்டு வயதுக் குழந்தை எட்டு வயதுக் குழந்தையைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. இடவலம் மாறிய எழுத்துகள் பதிந்த கன்னத்தில், கண்ணிலிருந்து தாடை வரைக்கும் பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

"இவள் அம்மா எங்கே போனாள்?"

"எங்கேயும் போகவில்லையே. ஏன் கேட்கிறாய்?"

"அழுகிறாளே."

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். "அழவில்லையடி. அது புயல் தண்ணீர்."

குழந்தை நம்பவில்லை. எச்சில் தொட்ட விரலால் அந்தக் கோட்டை மெதுவாகத் துடைத்துப் பார்த்தாள். தாள் நைந்துவிடும் என்று நான் தடுக்கப் போனேன். அத்தை கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.